நாலாவது டிரம்

குரு என்றால் தாடி வேண்டும், மரத்தடி வேண்டும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வரலாம். சமையற்கட்டைத் தாண்டிப் போனால், எந்நேரமும் ஆவி அடிக்கிற ஓர் அறை இருக்கும். என் குரு அங்கேதான் இருந்தாள். பெயர் செண்பகவல்லி. வயது முப்பத்தொன்று.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு. பெயர் புஷ்பலீலா. பிரசவ வார்டில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தவள். எத்தனை குழந்தை பிடித்தாய் என்று கேட்காதீர்கள், எனக்கே கணக்குத் தெரியாது. பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒருத்தி எழுந்து இடம் கொடுப்பாள். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். ஆபரேஷன் சாமான்களைக் கழுவி, ஆவியில் வைத்துக் கிருமி நீக்கி அனுப்புகிற அந்த அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

"பாத்திரம் தேய்க்கப் போறீங்களா சிஸ்டர்?" என்று வார்டில் கேலி செய்தார்கள்.

நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கும் அந்த நினைப்புதான்.

முதல் நாள் வல்லி வாசலிலேயே நின்றிருந்தாள். ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல். இந்தப் பெண்ணா பொறுப்பு என்று மேலும் கீழும் பார்த்தேன்.

"வாங்கக்கா."

"எனக்குப் புதுசா சொல்லித்தர ஒண்ணும் இருக்காது வல்லி. இதெல்லாம் பாத்துட்டு வந்தவதான் நான்."

"சரிக்கா."

அவ்வளவுதான் பேச்சு. பிரசவ வார்டிலிருந்து வந்திருந்த தட்டில் கையை விட்டு ஒரு ஆர்ட்டரியை எடுத்தாள். கத்தரிக்கோல் ஜாடையில் இருக்கும், அறுத்த இடத்தில் ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கிற சாமான் அது.

"இது சுத்தமா இருக்காக்கா?"

வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "மூஞ்சி பாத்துப் பொட்டு வச்சுக்கலாம். அவ்வளவு சுத்தம்."

"யார் கழுவினது?"

"வார்டுல என்னோட கடைசி டூட்டி நேத்து. நான்தான் கழுவினேன்."

வல்லி ஆர்ட்டரியை விரித்தாள். பழுப்பு நிற பாட்டிலிலிருந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடு இரண்டு சொட்டு எடுத்து, இரண்டு கால்களும் சேர்கிற மூட்டில் விட்டாள்.

மூட்டிலிருந்து நுரை கிளம்பியது. வெள்ளை வெள்ளையாகப் பொங்கி அவள் விரல் மேல் வழிந்தது.

"காய்ஞ்ச ரத்தம் இருந்தா நுரைக்கும்க்கா."

இருபத்தாறு வருஷமாக நான் ஆர்ட்டரியை மூடியபடியேதான் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். வெளியே பளபளக்கும். மூட்டுக்குள் யாரோ ஒருத்தியின் ரத்தம் இருந்துகொண்டே இருந்திருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எல்லாரும் அப்படித்தான் கழுவுறாங்க. விரிச்சு வச்சு, மூட்டுல பிரஷ் போடணும்" என்று ஒரு சின்ன பிரஷ்ஷை என் கையில் கொடுத்தாள். வேறு ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை.

அன்றைக்கே நான் தட்டோடு உட்கார்ந்துவிட்டேன். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"வல்லி, ரத்தம்னா நுரைச்சுக் காட்டிக்கொடுத்துடுது. கிருமி கண்ணுக்குத் தெரியாது. அது செத்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"டிரம் மேல ஒட்டுற டேப் இருக்குல்ல, ஆவியில வச்சா அதுல கறுப்புக் கோடு விழும்."

"அப்போ அது போதுமே?"

"டிரம்முக்கு வெளியில சூடு பட்டுச்சுன்னு டேப் சொல்லும். உள்ள போச்சான்னு அதுக்குத் தெரியாது."

"உள்ள வைக்கிற அட்டை ஒண்ணு உண்டே?"

"ஸ்டாக் இல்லைன்னு ரெண்டு மாசமா சொல்றாங்க."

"செவ்வாய்க்கிழமை ஒரு குப்பி வைப்பீங்களாமே?"

"ஆமா. உயிருள்ள கிருமி அதுல இருக்கு. சாமானோட உள்ள வச்சு அனுப்புவோம். ஆபரேஷன் தியேட்டர்ல டிரம்மைத் திறந்ததும் எடுத்து லேபுக்குக் கொடுத்துடுவாங்க. கிருமி செத்துச்சா பொழைச்சுச்சான்னு லேப்ல சொல்லிடுவாங்க."

"எப்போ?"

"நாப்பத்தெட்டு மணி நேரம் கழிச்சு."

"அடிப்பாவி! அதுக்குள்ள சாமான் ஒருத்தி வயித்துக்குள்ள போயிட்டு வந்துடுமே?"

"ஆமாக்கா."

"அப்போ அனுப்புற அன்னிக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுக்கா."

நான் சிரித்துவிட்டேன். "பொறுப்பு சிஸ்டர் சொல்ற பதிலாடி இது?"

அவளும் சிரித்தாள். எழுந்து மெஷினில் டிரம் அடுக்கப் போய்விட்டாள்.

இங்கே அந்த டிரம்மைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். இரும்பு டப்பா, உருண்டையாக இருக்கும். அதன் இடுப்பைச் சுற்றி வரிசையாக ஓட்டைகள். ஓட்டைகளின் மேல் ஒரு பட்டை. பட்டையை ஒரு பக்கம் தள்ளினால் ஓட்டை திறக்கும், மறுபக்கம் தள்ளினால் மூடும். மெஷினுக்குள் வைக்கும்போது ஓட்டை திறந்திருக்க வேண்டும், அப்போதுதான் ஆவி உள்ளே போகும். வெளியே எடுத்த உடனே மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் தூசியும் கிருமியும் உள்ளே போகும். இவ்வளவுதான் வித்தை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. திறக்க மறந்து மூடியபடியே மெஷினில் வைத்துவிட்டால் ஆவி உள்ளே போகாது. ஆனால் டேப் வெளியே ஜோராகக் கறுத்துவிடும். எடுத்து மேசையில் வைத்தபிறகு எல்லா டிரம்மும் ஒரே மாதிரி மூடியிருக்கும். எது ஒழுங்காக வெந்தது, எது வேகவில்லை என்று ஆண்டவன் வந்தாலும் பார்த்துச் சொல்ல முடியாது. எடுக்கும்போது பட்டையைத் தள்ளி மூடினோமா, அல்லது அது ஏற்கெனவே மூடியிருந்ததா என்று எடுத்த கைக்கு மட்டும்தான் தெரியும்.

வல்லி ஒரு பழக்கம் வைத்திருந்தாள். உள்ளே வைக்கும்போது ஒவ்வொரு டிரம்மையும் தொட்டு, "திறந்தேன்" என்பாள். எடுக்கும்போது பட்டையைத் தள்ளி, "மூடினேன்" என்பாள். சத்தமாக, பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி சொல்வாள்.

"என்னடி இது, டிரம்முக்குக் காது கேக்குமா?"

"டிரம்முக்கு இல்லக்கா, எனக்கு."

"இந்த வயசுலயே மறதியா?"

"ஆமாக்கா. நீங்களும் சொல்லிப் பழகுங்க."

"எனக்கு வாய்க்கு வேற வேலை இருக்கு."

வண்டி தள்ளுகிற மாரிக்கனி கெக்கெக்கே என்று சிரித்தாள். டிரம்களை வார்டுக்கும் தியேட்டருக்கும் கொண்டுபோகிறவள் அவள்தான். என் வயதுதான், எனக்கு நல்ல ரசிகை. நான் பிரசவ வார்டுக் கதை சொன்னால் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

மூன்று மாதம் போனது. ஒரு குறையும் வரவில்லை. வல்லி "மூடினேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், நான் சொல்லாமலே மூடிக்கொண்டிருந்தேன். இருவர் டிரம்மும் ஒரே மாதிரிதான் தியேட்டருக்குப் போனது.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

காலையில் இசக்கியம்மாள் அறை வாசலில் வந்து நின்றாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற பெண். கல்யாணமாகி ஒன்பது வருஷம். இரண்டு தடவை கரு கலைந்து பிரசவ வார்டுக்கு வந்து படுத்திருந்தாள். இரண்டு தடவையும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான். இந்தத் தடவை நிறைமாதம். அன்றைக்குப் பதினோரு மணிக்கு சிசேரியன்.

"சிஸ்டர், பயமா இருக்கு."

"என்னட்டி பயம்? நாள் பாத்து, நேரம் பாத்து எடுக்காங்க. ராஜாத்தி மாதிரி படுத்துக்க."

"நீங்க அங்க இருந்தா தைரியமா இருக்கும்."

"நான் அங்க இல்லைன்னா என்ன? என் கையால வந்த சாமான்தான் உன் வயித்துல படப்போகுது. ஒண்ணும் ஆகாது. போ, நான் சொல்லுதேன்ல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். என் வார்த்தையை நம்பித்தான் போனாள்.

ஒன்பது மணிக்கு நாலு டிரம்மை நான்தான் மெஷினில் அடுக்கினேன். நாலாவது டிரம்மில் சிசேரியன் செட். செவ்வாய்க்கிழமை என்பதால் வல்லி கிருமிக் குப்பியை அதற்குள் வைத்திருந்தாள். பத்தேகாலுக்கு மெஷின் ஆறி, கதவைத் திறந்தேன். மாரிக்கனி வண்டியோடு வந்து நின்றாள்.

"சிஸ்டர், அன்னிக்கு ஆம்புலன்ஸ்ல ரெட்டைப் பிள்ளை பிறந்த கதையைப் பாதியில விட்டுட்டீங்க."

விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். முதல் பிள்ளை மேம்பாலத்தில், இரண்டாவது பிள்ளை ரயில்வே கேட்டில். வாய் கதையில் இருந்தது, கை டிரம்மில் இருந்தது. நாலையும் எடுத்து வைத்தேன். டேப்பைப் பார்த்தேன், நாலிலும் கறுப்புக் கோடு. மாரிக்கனி சிரித்துக்கொண்டே நாலாவது டிரம்மை வண்டியில் ஏற்றித் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

நான் டீ ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். டம்ளர் சூடாக இருந்தது. விரலை உதறினேன்.

அப்போதுதான் சுருக்கென்றது. அந்தப் பட்டை சூடாக இருக்கும், துணியைச் சுற்றிக்கொண்டு தள்ளினாலும் கட்டைவிரலில் சுடும். அன்றைக்குக் கட்டைவிரல் எத்தனை தடவை சுட்டது? ஒன்று. இரண்டு. மூன்று.

நாலாவது?

நாலாவது டிரம்மை எடுத்தபோது பட்டையைத் தள்ளினேனா? தள்ளின மாதிரியும் இருக்கிறது. ஏற்கெனவே மூடியிருந்த மாதிரியும் இருக்கிறது. ரயில்வே கேட் ஞாபகம் இருக்கிறது. கேட்காரன் பச்சைக் கொடியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தது ஞாபகம் இருக்கிறது. பட்டை ஞாபகம் இல்லை.

அடுத்த ஐந்து நிமிஷத்தை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

சும்மா இருந்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று மாதமாகத் தப்பு வராத கை, இன்றைக்கு மட்டும் வந்திருக்குமா? டேப் கறுத்திருக்கிறது. எப்படியும் ஊசி மருந்து போடத்தான் போகிறார்கள். சிசேரியன் பண்ணுகிற டாக்டர் தவமணி கோபக்காரி, தியேட்டரில் போய் நின்றால் கிழித்துத் தோரணம் கட்டுவாள். வார்டில் இருக்கிறவர்கள், கிழவிக்கு மறதி வந்துவிட்டது என்பார்கள். இருபத்தாறு வருஷப் பெயர் ஒரு காலையில் போய்விடும். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. சத்தியமாக யாருக்கும் தெரியாது.

பிறகு ஒரு வயிறு ஞாபகம் வந்தது. முன்பொரு தடவை என் வார்டில் சிசேரியன் தையலில் சீழ் பிடித்து ஒருத்தி இருபத்தேழு நாள் கிடந்தாள். பிள்ளை வீட்டில், அவள் கட்டிலில். பால் கட்டிக்கொண்டு அழுவாள். எதனால் சீழ் பிடித்தது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

எழுந்து வல்லியிடம் போனேன். அவள் தொட்டியில் கையை விட்டு சாமான் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வல்லி, டேப் கறுத்திருந்தா உள்ளயும் ஆவி போயிருக்கும்தானே?"

அவள் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். எந்த டிரம், என்ன ஆயிற்று, எதுவும் கேட்கவில்லை.

"தியேட்டர் போன் பதினாலுக்கா."

பதினாலைச் சுற்றினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

போனை அப்படியே தொங்கவிட்டுவிட்டு ஓடினேன். இந்த முழங்காலோடு ஓடினேன். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறினேன். எதிரே வந்தவர்கள் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஒதுங்கினார்கள். இசக்கி, இசக்கி என்று வாய் தானாக முணுமுணுத்தது. அவளைக் கூப்பிட்டேனா, அந்தப் பெயர் கொண்ட அம்மனைக் கூப்பிட்டேனா, தெரியாது.

தியேட்டர் கதவில் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். இசக்கியம்மாள் மேசையில் படுத்திருந்தாள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டாகிவிட்டது. தியேட்டர் சிஸ்டர் டிரம் மூடியில் கை வைத்திருந்தாள்.

"திறக்காதீங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். டாக்டர் தவமணி கையைக் கழுவிவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கியபடி நின்றிருந்தாள்.

"என்ன புஷ்பலீலா?"

"அந்த டிரம் வேண்டாம் மேடம்."

"ஏன்? டேப் கறுத்துத்தானே இருக்கு?"

"கறுத்திருக்கு மேடம்."

"பிறகு என்ன கேடு?"

"ஆவியில இருக்கும்போது ஓட்டை திறந்திருந்துச்சான்னு எனக்குத் தெரியல."

"தெரியலையா? திறக்கலைன்னு சொல்லு, புரியுது. திறந்தேன்னு சொல்லு, அதுவும் புரியுது. தெரியலைன்னா என்ன அர்த்தம்?"

"தெரியலைன்னுதான் அர்த்தம் மேடம்."

என் குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். வேண்டாம் என்பது மட்டும் எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

"ஊசி போட்டு ஒருத்தி படுத்திருக்கா. இப்போ வந்து தெரியலைங்கிறே. குப்பி வச்சிருக்கீங்கல்ல? ரிசல்ட் வரட்டும். எல்லாம் சரியா இருந்துச்சுன்னா, சும்மா பதறி அடிச்சதுக்கு உனக்கு மெமோ."

"சரி மேடம்."

அப்போது எனக்குப் பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. வல்லி. இடுப்பில் இன்னொரு டிரம். அவசரத்துக்கு என்று அவள் அலமாரியில் எப்போதும் ஒன்று வைத்திருப்பாள், முந்தின நாள் அவள் கையால் வெந்து வந்தது.

"இது நான் மூடினது மேடம்" என்று நீட்டினாள்.

டாக்டர் அந்த டிரம்மைத் திறக்கச் சொன்னாள்.

மேசையில் இருந்து இசக்கியம்மாள் என்னைப் பார்த்தாள். "சிஸ்டர், வந்துட்டீங்களா?"

தனக்குத் தைரியம் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நான் தலையை ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்ததை மாஸ்க் மறைக்காது, திரும்பிக்கொண்டேன்.

பன்னிரண்டு நிமிஷம் தாமதம். பெண் குழந்தை. கத்தின கத்தலில் ஜன்னல் அதிர்ந்தது என்று மாரிக்கனி பிறகு வந்து சொன்னாள்.

நான் படி இறங்கி அறைக்கு வந்து சேர்வதற்குள் வல்லி வேலையை முடித்திருந்தாள். அந்த நாலாவது டிரம்மைத் தியேட்டரிலிருந்து திருப்பிக் கொண்டுவந்து பிரித்து, குப்பியை எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டாள். மற்ற மூன்று டிரம்மையும் வார்டுகளுக்குப் போகவிடாமல் நிறுத்தியிருந்தாள்.

"அந்த மூணும் சுட்டதுடி, எனக்கு ஞாபகம் இருக்கு."

"மூணுன்னு ஞாபகம் இருக்குக்கா. எந்த மூணு?"

அப்போ சுடாதது எது? முதலாவதா, இரண்டாவதா, மூன்றாவதா? நாலாவது என்று நான் நினைத்ததே ஒரு நினைப்புதான்.

நாலையும் பிரித்தோம். மறுபடி அடுக்கினோம். மத்தியானம் மெஷின் ஆறிக் கதவைத் திறந்ததும் முதல் டிரம்மை எடுத்தேன். பட்டையைத் தள்ளினேன். கட்டைவிரல் சுட்டது.

"மூடினேன்."

மாரிக்கனி வண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். சிரிக்கவில்லை, கதையும் கேட்கவில்லை. நாலு தடவை சொன்னேன். அவள் நாலு தடவையும் தலையை ஆட்டினாள்.

பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மெமோவை நினைத்து இல்லை. டாக்டர் அன்று சாயங்காலமே அதை மறந்துவிட்டாள், அடுத்த நாள் என்னைப் பார்த்து முழங்காலுக்கு என்ன தைலம் போடுகிறாய் என்று விசாரித்தாள். எனக்குத்தான் மறக்கவில்லை. வார்டுப் பக்கம் போனால், "சிஸ்டர், வீட்டுல கேஸ் அடைச்சீங்களா, பாத்துட்டு வாங்க" என்று கேலி. குப்பிக்குள் கிருமி உயிரோடு இருந்தால் நான் ஒரு உயிரைக் காப்பாற்றியவள். செத்திருந்தால் ஊசி போட்டுப் படுத்தவளைக் காக்க வைத்த பைத்தியக்காரி. என் இருபத்தாறு வருஷமும் அந்தச் சுண்டுவிரல் அளவு குப்பிக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

கிருமி உயிரோடு இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு நர்ஸ் வேண்டுகிற வேண்டுதலா இது? ஆனால் வேண்டினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் லேபிலிருந்து சீட்டு வந்தது. வல்லி வாங்கிப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரிஜிஸ்டரைத் திறந்து எழுதினாள், சீட்டை ஒட்டினாள், மூடினாள். மேசையில் வைத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் போனாள்.

"என்ன வந்துச்சு வல்லி?"

"எழுதியிருக்கேன்க்கா. ரிஜிஸ்டர் அங்கதான் இருக்கு."

"நல்லதா, கெட்டதா?"

"நம்ம நாலு டிரம்மையும் திருப்பி வேக வச்சுட்டோம். யாருக்கும் ஒண்ணும் ஆகல. இசக்கியம்மா காலையில எழுந்து நடந்தாங்களாம்."

"அதை யாருடி கேட்டா? நான் ஓடினது சரியா தப்பான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

அவள் ஆர்ட்டரிகளை விரித்து விரித்து மூட்டில் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தாள்.

எழுந்து போய் ரிஜிஸ்டர் மேல் கையை வைத்தேன். பச்சை அட்டை, ஓரம் ஈரத்தில் ஊறியிருந்தது.

"முதல் நாள் நான் ஒரு கேள்வி கேட்டேன், ஞாபகம் இருக்கா? அனுப்புற அன்னிக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். தெரியாதுன்னுட்டே. இன்னிக்கு இதைத் திறந்தா தெரிஞ்சுடும்."

வல்லி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"திறங்கக்கா. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிட்டுத் திறங்க."

"என்ன?"

"எல்லாம் சரியாத்தான் இருந்துச்சுன்னு அதுல எழுதியிருந்தா, அடுத்த தடவை ஓட மாட்டீங்களா?"